சீட்டை நகர்த்த வேண்டாம்

பிப்ரவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

நலமாக இருக்கிறேன் என்று எழுதினால் திட்டுவீர்கள். அதனால் சாப்பிடுகிறேன், வேலைக்குப் போகிறேன் என்று மட்டும் எழுதுகிறேன். குழந்தை குப்புறக் கவிழ்ந்த போட்டோ பார்த்தேன். தலையைத் தூக்கிக்கொண்டு முறைக்கிறாள். அப்படியே அவள் சித்தி.

ஒரு விஷயம். போனில் சொல்ல வரவில்லை. நீங்கள் அழ ஆரம்பித்தால் நான் மேஜை விளிம்பைப் பார்த்துக்கொண்டே நிற்பேன்.

உங்கள் தங்கையின் கார் ஒருவரை இடித்துவிட்டது. நான் ஓட்டவில்லை. தலைவலிக்கிறது என்று அன்று ஆபீஸிலிருந்து வந்து அவள் நிறுத்திய கார். அப்புறம் ஆஸ்பத்திரிக்கு ஆம்புலன்ஸில்தான் போனோம். அவள் திரும்பி வரவில்லை. அதற்குப் பிறகு அந்தக் காரை யாரும் எடுக்கவில்லை. நின்று நின்றே பிரேக் துருப்பிடித்து, சக்கரம் இறுகிவிட்டது. இழுவை வண்டியில் ஏற்றி ஒர்க்‌ஷாப்பில் விட்டேன். புது பிரேக் போட்டால் ரோட்டில் ஓட்டிப் பார்த்துத்தான் தருவார்கள். அப்படி ஓட்டிப் பார்க்கும்போது, கடையைப் பூட்டிவிட்டு ரோட்டைக் கடந்த ஒரு டெய்லரை இடித்திருக்கிறது. உயிருக்கு ஒன்றும் இல்லை. வலது கால், முட்டிக்குக் கீழே முறிந்திருக்கிறது. பிளேட் வைத்திருக்கிறார்கள்.

ஓட்டியது அந்த உயரமான மெக்கானிக். அவள் ‘ஒட்டகம்’ என்று கூப்பிடுவாளே, அவர்தான். அவரும் அந்தப் பெயருக்குத் திரும்பிப் பார்க்கப் பழகியிருந்தார்.

சாவியைக் கொடுக்கும்போது நான் ஒன்று சொன்னேன். “டிரைவர் சீட்டை மட்டும் நகர்த்த வேண்டாம். அவ வச்சபடியே இருக்கட்டும்.” சீட்டுக்கு அடியில் இருக்கிற கைப்பிடியில் டேப்பும் சுற்றியிருந்தேன். அவர் ஏன் என்று கேட்கவில்லை. “சரி சார்” என்றார். அவள் உட்கார்ந்தால் மூக்கு ஸ்டியரிங்கில் இடிக்கும், உங்களுக்குத் தெரியும். அந்த இடத்தில் அவ்வளவு பெரிய மனிதர் மடங்கி உட்கார்ந்திருக்கிறார். முட்டி ஸ்டியரிங்குக்கு அடியில் மாட்டிக்கொண்டது. கால் பிரேக்குக்கு மாறவில்லை. எப்படிக் கணக்குப் போட்டாலும் காரணம் அதுதான்.

காரின் முன்பக்கம் நெளிந்திருக்கிறது. சீட் அதே இடத்தில்தான் இருக்கிறது.

உங்கள்
தம்பி


பிப்ரவரி 21

தம்பிக்கு,

உன் லெட்டரை ரெண்டு தடவை படிச்சேன். முதல் தடவை அழுகை, ரெண்டாவது தடவை கோவம். ஒட்டகத்தைக் கொண்டுபோய் எவனாவது குருவிக்கூட்டுல உக்கார வைப்பானா? இஞ்சினியருக்குப் படிச்சவன்தானே நீ?

சரி, இப்ப ஆபீஸ் ஆளா பேசறேன். இன்சூரன்ஸ் கிளெய்ம் பாத்துப் பாத்தே கண்ணு போனவ நான். வண்டியை சர்வீசுக்கு விட்டு சாவியைக் குடுத்துட்டா, அது உன் கைக்குத் திரும்பி வர்ற வரைக்கும் அவங்க பொறுப்பு. ஓட்டினவர் உன் ஆள் இல்ல, அவங்க ஆள். அங்க ஒரு வக்கீலைக் கேட்டுப் பாரு, இதையேதான் சொல்லுவார். ஆனா நீயா போய், ‘நான்தான் இப்படி உக்காந்து ஓட்டச் சொன்னேன்’னு வாயைத் தொறந்தா கதையே மாறிடும். பழியில ஒரு பங்கு உன் தலையில வந்து விழும். சும்மா கெடந்த சங்கை ஊதிக் கெடுக்காத.

இன்னொண்ணு. வெக்கத்தை விட்டுக் கேக்கறேன். சின்னவ போனப்ப நான் வயித்தைத் தள்ளிக்கிட்டுப் படுக்கையில கெடந்தேன். டாக்டர் பாத்ரூமுக்கே நடக்கக் கூடாதுன்னுட்டார். கடைசியா அவ முகத்தை நான் போன்லதான் பாத்தேன். அதுவும் நெட்டு விட்டு விட்டு வந்துச்சு. அவ துணியைக் கேட்டேன். நீ துவைச்சு அனுப்பியிருந்த, மடையா. பொட்டியைத் தொறந்தா சோப்பு வாசனை அடிச்சுது.

அவ விட்டுட்டுப் போனபடி இருக்கறது அந்த சீட்டு ஒண்ணுதான். அவளும் நானும் ஒரே உயரம். நான் வந்து ஒரு தடவை அதுல உக்காரணும். அவளுக்கு எட்டினது எல்லாம் எனக்கும் எட்டுதான்னு பாக்கணும். ஜூன்ல லீவு தர்றாங்க. அது வரைக்கும் யாரையும் தொட விடாத. மறுபடியும் சொல்றேன், வாயைத் தொறக்காத.

அக்கா


மார்ச் 15

அன்புள்ள அக்காவுக்கு,

துணிகளைத் துவைத்திருக்கக் கூடாது. வாஷிங் மெஷின் ஓடிக்கொண்டிருந்தால் வீட்டில் யாரோ இருப்பது போல இருந்தது. அதனால் இருந்ததையெல்லாம் போட்டுவிட்டேன்.

வக்கீல் நீங்கள் சொன்னதையேதான் சொன்னார். “உங்களுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. நிம்மதியாத் தூங்குங்க” என்றார். தூக்கத்தைப் பற்றி அவருக்கு என்ன தெரியும்.

டெய்லரைப் போய்ப் பார்த்தேன். கடைக்குப் பின்னாலேயே வீடு. காலைத் தலையணை மேல் தூக்கி வைத்துப் படுத்திருந்தார். “மோட்டார் மெஷின் வாங்கினாலும் அதையும் காலாலதானே சார் அமுக்கணும்?” என்று சிரித்தார். அவர் மனைவி சட்டைக்குப் பொத்தான் வைத்துக்கொண்டிருந்தார். ஒரு தடவைகூட நிமிரவில்லை.

“வண்டி உங்களுதா?” என்று டெய்லர் கேட்டார்.

“என் மனைவியோடது.”

“ஐயோ, அவங்க பயந்துடலையே?”

இல்லை என்றேன்.

ஒட்டகத்தை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். கவனக்குறைவு என்று கேஸ். லைசென்ஸ் போய்விட்டால் எந்த ஒர்க்‌ஷாப்பிலும் சேர்க்க மாட்டார்கள். சீட் விஷயத்தை அவர் யாரிடமும் சொல்லவில்லை. டேப்பைப் பார்த்தவர்களும் யாரும் கேட்கவில்லை. ஏன் சொல்லவில்லை என்று நான் கேட்டேன்.

“ஏன்டா நகர்த்தலன்னு கேப்பாங்க சார். அந்த அம்மா வச்ச சீட்டுன்னு சொன்னா சிரிப்பாங்க. அவங்களை வச்சு ஒருத்தன் சிரிக்கறதை நான் நின்னு கேக்கணுமா?” தலையைக் குனிந்துகொண்டு சொன்னார். குனிந்தும் என்னைவிட உயரமாகத்தான் இருந்தார்.

இன்சூரன்ஸ்காரர் அடுத்த மாதம் விசாரணைக்கு வருகிறார். சொல்லிவிடலாம் என்று நினைக்கிறேன். சொன்னால் உட்கார்ந்து காட்டச் சொல்வார். பிறகு சீட்டை நகர்த்தியும் பார்க்கச் சொல்வார். ஜூன் வரை அது அப்படியே இருக்காது, அக்கா.

தம்பி


மார்ச் 27

தம்பிக்கு,

கூடாது.

வீட்டைக் கேட்டேனா? நகையைக் கேட்டேனா? உன்கிட்ட நான் கேட்டது ஒண்ணே ஒண்ணு. டெய்லருக்கு ஒர்க்‌ஷாப்போட இன்சூரன்ஸ் குடுக்கும், அவருக்கு ஒரு குறையும் வராது. அந்த மெக்கானிக்குக்கு வேற வேலை பாரு. நானும் நாலு பேர்கிட்ட சொல்லி வைக்கறேன். உயிரோட இருக்கறவங்களுக்கு ஆயிரம் வழி இருக்கு. அவளுக்கு அந்த ஒரு எடம்தான்டா இருக்கு.

நகர்த்தினா எனக்கு எழுதாத.

அக்கா


ஏப்ரல் 19

அன்புள்ள அக்காவுக்கு,

எழுதாதே என்றீர்கள். உங்களை விட்டால் எனக்கு எழுத ஆள் இல்லை.

நகர்த்திவிட்டேன்.

ஒர்க்‌ஷாப்பின் பின்பக்கம் கார் நின்றது. இன்சூரன்ஸ்காரர், ஒர்க்‌ஷாப் முதலாளி, ஒட்டகம், நான். சொல்ல வேண்டியதைச் சொன்னேன். இன்சூரன்ஸ்காரர் பேனாவை மூடிவிட்டார். “நான் இல்ல, நான் இல்லன்னு சொல்றவங்களத்தான் இத்தனை வருஷமாப் பாத்திருக்கேன். யோசிச்சுத்தான் பேசறீங்களா?” என்றார். யோசித்தேன் என்றேன். உண்மையில் அதைத் தவிர வேறு எதையும் யோசிக்கவில்லை.

ஒட்டகத்தை உட்கார்ந்து காட்டச் சொன்னார். அவர் மடங்கி உட்கார்ந்தார். பிரேக்கை மிதிக்கச் சொன்னார். முட்டி மாட்டிக்கொண்டது. எல்லோரும் குனிந்து பார்த்தோம்.

“இப்ப பின்னால தள்ளிட்டு மிதி.”

ஒட்டகம் இறங்கி வெளியே நின்றுகொண்டார். “அதை நான் செய்ய மாட்டேன் சார்.”

முதலாளி பல்லைக் கடித்தார். “உனக்காகத்தான்டா பேசிட்டிருக்கோம்!”

“பரவால்ல சார்.”

அதனால் நான்தான் செய்தேன். டேப்பைப் பிரித்தேன். இத்தனை மாதம் அசையாதது, இறுகியிருக்கும், எண்ணெய் விட வேண்டியிருக்கும் என்று நினைத்திருந்தேன். கைப்பிடியைத் தூக்கியதும் வழுக்கிக்கொண்டு போய்விட்டது. அவ்வளவு சுலபமாகப் போகும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. கீழே ஒரு ஹேர்பின்னாவது கிடக்கும் என்று கையை விட்டுத் துழாவினேன். ஒன்றும் இல்லை. சர்வீஸுக்கு வந்த அன்றே வேக்யூம் போட்டுச் சுத்தம் செய்துவிட்டார்களாம்.

ஒட்டகத்தைத் திரும்ப வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள். பழியில் ஒரு பங்கு என் தலையில் விழுந்தது, நீங்கள் சொன்னபடியே. டெய்லர் வீட்டுக்கும் போய் விஷயத்தைச் சொன்னேன். அவர் மனைவி அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தார். “இப்பவாச்சும் சொன்னீங்களே” என்றார். பாராட்டா, திட்டா, தெரியவில்லை. காபி கொடுத்தார். குடித்துவிட்டு வந்தேன்.

நெளிசலை எடுத்ததும் காரை நானே ஓட்டிக்கொண்டு வந்தேன். அவள் இடத்தில் நான் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. அவள் இருந்தவரை என்னை ஓட்ட விட்டதில்லை. சிக்னலில் நின்றபோது பக்கத்து சீட்டைத் திரும்பிப் பார்த்தேன். அது நான் உட்காருகிற சீட். அங்கிருந்து நான் அவளைப் பார்த்ததெல்லாம் நினைவிருக்கிறது. இங்கிருந்து அவள் எதைப் பார்த்துக்கொண்டு வந்தாள் என்பது எனக்குத் தெரியாமலே இருந்தது. காலி சீட்டுதான். ஆனாலும் பின்னால் ஹாரன் அடிக்கிறவரை பார்த்துக்கொண்டிருந்தேன்.

சீட் முன்பு அடிக்கம்பியின் எந்தப் பல்லில் நின்றது என்று எனக்குத் தெரியும். நீங்கள் வரும்போது அங்கேயே கொண்டுவந்து நிறுத்தலாம். ஆனால் அது நான் நிறுத்தியதாகத்தான் இருக்கும். உங்களிடம் பொய் சொல்ல முடியாது.

தம்பி


ஜூன் 3

தம்பிக்கு,

பதிலே போடக் கூடாதுன்னுதான் இருந்தேன். உன் சகலை கூட, ‘அவன் செஞ்சது சரிதானே’ன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டு ரெண்டு நாள் வாங்கிக் கட்டிக்கிட்டார். எனக்கு இன்னும் கோவம் போகல. போகணும்னு அவசியமும் இல்ல. மீதியை நேர்ல வந்து திட்டிக்கறேன்.

டிக்கெட் போட்டாச்சு. பதினாறாம் தேதி மத்தியானம். நானும் குழந்தையும் மட்டும். பின்னாடி குழந்தை சீட்டு ஒண்ணு மாட்டி வை. பழசு வாங்காத, ஆபீஸ்ல நான் பாத்த கேஸையெல்லாம் சொன்னா உனக்கு இருக்கற தூக்கமும் போயிடும்.

பொட்டியைத் தூக்கறேன்னு எறங்கி ஓடி வராத. நான் பாத்துக்கறேன். நீ ஓட்டற எடத்துலயே இரு. நான் வந்து பக்கத்துல ஏறிக்கறேன்.

அக்கா