கொளஞ்சி மகளுக்காக நான் செய்த ஜெபம்

செந்துறை

அன்பு மகள் சத்யப்பிரியாவுக்கு, அம்மா எழுதுவது. கர்த்தர் கிருபையால் நானும் அப்பாவும் நல்லபடியாக இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் அந்தக் குளிர் ஊரில் சுகமாயிருக்க தினமும் கேட்டுக்கொள்கிறேன். சோளம் இந்த வருஷம் பரவாயில்லை, அப்பாவுக்கு முட்டி வலிதான், தைலம் தேய்க்கச் சொன்னால் கேட்பதில்லை. போனில் சொல்ல வாய் வராத ஒன்று இருக்கிறது, அதனால்தான் எழுதுகிறேன்.

நீ அனுப்பிய பழைய நாவலைப் பாதிவரை படித்தேன். அதில் வருகிற பண்ணையார் மனைவியை எனக்குப் பிடிக்கவே இல்லை. ஒரு பொய் சொல்வதில்லை, யாரையும் திட்டுவதில்லை, பாவம் பாவம் என்று இரக்கப்பட்டே ஒரு குடும்பத்தைத் தெருவுக்குக் கொண்டுவந்துவிடுகிறாள். ஆதாம் காலத்திலிருந்து மனுஷ மனசு இப்படித்தான் என்று அப்பாவிடம் பெரிய பிரசங்கமே செய்தேன். அவர் சிரித்துக்கொண்டே, உங்க உபவாசக் கூட்டத்துல அவளையும் சேர்த்துக்கலாமே என்றார். எனக்குக் கோபம் வந்தது.

அந்த வார வெள்ளிக்கிழமைக் கூட்டத்திலேயே அது நடந்தது. பக்கத்து வீட்டுக் கொளஞ்சி, மகள் தேவயானி புருஷனோடு சண்டை போட்டு வந்துவிட்டதை என்னிடம் மட்டும்தான் சொல்லியிருந்தாள். மாப்பிள்ளை ஊரான குன்னத்தில் பெரியவர்கள் சமாதானம் பேசிக்கொண்டிருக்கிறார்கள், வெளியே தெரிந்தால் மாப்பிள்ளை வீட்டார் முறுக்கிக்கொள்வார்கள், யாருக்கும் சொல்லாதீங்க அக்கா என்று கையைப் பிடித்துக் கேட்டாள். நானும் ஒருத்தரிடமும் சொல்லவில்லை. உபவாச ஜெபத்தில் என் முறை வந்ததும், ஆண்டவரே, தேவயானியைப் புருஷனோடு சேர்த்து வையும் என்று பெயர் சொல்லி, உரக்க, கண்ணீரோடு ஜெபித்தேன். கொளஞ்சி அப்போது வெங்காய வயலில் இருந்தாள். கர்த்தரிடம் சொல்வதை ஊருக்குச் சொன்னதாக எனக்குத் தோன்றவே இல்லை. ஆனால் உன்னிடம் ஒன்றை மறைக்கக் கூடாது. கூட்டம் கப்சிப்பென்று அடங்கி எல்லாரும் என்னையே கவனித்தபோது எனக்கு உள்ளுக்குள் இதமாக இருந்தது, அதனால் இன்னும் கொஞ்சம் விவரமாகவே ஜெபித்தேன்.

ஞாயிற்றுக்கிழமைக்குள் செய்தி குன்னம் போய்விட்டது. ஊர் சிரிக்க வைத்துவிட்டார்கள், இனி பேச்சில்லை என்று மாப்பிள்ளை வீட்டார் எழுந்துவிட்டார்களாம். நேற்று போய் மன்னிப்புக் கேட்டேன். என்னைப் பார்த்ததும் தேவயானி உள்ளே போய்விட்டாள். கொளஞ்சி திட்டியிருந்தால்கூடத் தேவலை. உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்து, அக்கா, இனிமே எங்களுக்காக ஜெபம் பண்ணாதீங்க என்று மட்டும் சொன்னாள்.

இதை உனக்கு எழுதுவதும் அதே தப்புதானோ என்று பயமாக இருக்கிறது, மாப்பிள்ளையிடம்கூடச் சொல்லாதே. ஸ்வெட்டர் போடாமல் வெளியே போகாதே. கர்த்தர் உங்கள் இருவரையும் ஆசீர்வதித்துக் காப்பாராக. தேவயானிக்காக நீ வேண்டிக்கொள், எனக்கு அந்த உரிமை போய்விட்டது. வாய்விட்டு வேண்டாம், மனசுக்குள்ளேயே.

இப்படிக்கு,
உன் அம்மா