பூஞ்சை தொடாத செருப்பு

என் வாயாடிக்கு,

இன்று ஆய்வுக்கூடத்தில் எனக்குக் கடைசி நாள். அலமாரியைக் காலி செய்தபோது, உன் சிவப்பு பிளாஸ்டிக் செருப்புகளைப் புதைத்த இரண்டு ஜாடிகளும் கிடைத்தன.

நினைவிருக்கிறதா? எட்டு வயதில், இடுப்பில் கைவைத்துக்கொண்டு கேட்டாய்: "ஏம்ப்பா, உங்க பூஞ்சைக்கு என் செருப்புதான் கிடைச்சுதா?" பூஞ்சை பிளாஸ்டிக்கைத் தின்னுமா என்று பார்க்க, ஒன்றைப் பூஞ்சை கலந்த மண்ணிலும், ஒப்பிட்டுப் பார்க்க மற்றதைப் பூஞ்சையே இல்லாத மண்ணிலும் புதைத்திருந்தேன். "ஒண்ணையே ரெண்டா வெட்டியிருக்கலாமே" என்றாள் அம்மா. "மிச்ச ஒத்தைச் செருப்போட அவ நொண்டியடிக்கவா?" என்றேன். கோபத்தை மறந்து, அன்று வீடு முழுக்க நொண்டியடித்தாய்.

முதல் ஜாடியில் இப்போது வாரின் கம்பிக் கொக்கி மட்டும்தான் மிச்சம். பிளாஸ்டிக்கையே தின்று தீர்க்கும் பொறுமை பூஞ்சைக்கு இருந்திருக்கிறது. உன் கல்யாணப் பேச்சு வந்த அன்று, 'இனி இந்த வாசலை மிதிக்காதே' என்று சொன்ன ஒரு வார்த்தையை விழுங்கும் பொறுமை எனக்கு இல்லாமல் போயிற்று.

மற்ற செருப்பு அப்படியே இருக்கிறது. கழுவி வாசலில் வைத்திருக்கிறேன். உன் மகளுக்கும் எட்டு வயதாகிவிட்டதாமே, அம்மா சொன்னாள். அவள் காலுக்குச் சரியாக இருக்கும்.

ஒற்றைச் செருப்புதான். நொண்டியடித்தாவது வரச் சொல்.

உன்
செருப்புத் திருடன்