எட்டாவது இடம்

ஜூன் 8, ஞாயிறு

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். நீங்களும் அம்மாவும் நலமா? உங்கள்மேல் எனக்கு இருக்கும் கோபம் இன்னும் தீரவில்லை. ஆனாலும் எழுதுகிறேன். வந்த அன்றே கைப்பேசிகளை வாங்கி அலமாரியில் பூட்டிவிட்டார்கள். ஆறு வாரத்துக்குக் கடிதம்தான்.

கல்லூரியில் வாரம் இரண்டு நாள் அணிவகுப்பு நடந்தபோது, விமானப்படை அதிகாரி ஆவது சுலபம் என்று நினைத்திருந்தேன். இந்த முகாமில் தேறினால்தான் பயிற்சி தொடரும், பட்டம் வாங்கும்போது தோளில் பட்டை ஏறும். இல்லாவிட்டால் வெறும் கல்லூரி மாணவிதான். போர்வையில் ஒரு சுருக்கம் இருந்தால் கட்டிலையே கவிழ்த்துவிடுகிறார்கள். நீங்கள் இங்கே இருக்க வேண்டியவர்.

எங்கள் குழுவில் எட்டுப் பேர். பக்கத்துக் கட்டில், நாங்கள் நெட்டை என்று கூப்பிடும் பெண்ணுக்கு. கட்டிலுக்கு வெளியே ஒரு முழம் காலை நீட்டிக்கொண்டு தூங்குவாள். முதல் நாள் ஓட்டத்தில் என் குதிகால் உரிந்ததும் பிளாஸ்திரி ஒட்டிவிட்டு, என் மூட்டையையும் அவளே சுமந்தாள். உங்களைப் பற்றிச் சொன்னேன். "பெத்த பொண்ணையே லைசென்ஸ் டெஸ்ட்ல ரெண்டு தடவை ஃபெயில் போட்டாரா!" என்று சிரித்துச் சிரித்து அவளுக்குப் புரையேறிவிட்டது. முதல் முறை கம்பத்தில் இடித்தேன், சரி. இரண்டாம் முறை சரிவில் வண்டி ஒரு சாண் பின்னால் உருண்டது. ஒரு சாண், அப்பா!

அம்மாவுக்கு முத்தம். உங்களுக்கு வணக்கம் மட்டும்.

மகள்

ஜூன் 14

அன்புக் கண்ணுக்கு,

வணக்கம் வந்து சேர்ந்தது. உன் கடிதத்தை அம்மா மூன்று முறை வாசித்தாள். ஒரு சாண் வரும் இடத்தில் ஒவ்வொரு முறையும் என்னை நிமிர்ந்து பார்த்தாள். இந்த வீட்டில் எனக்கு ஆள்பலமே கிடையாது. உன் மாமா வேறு (அவரையும் ஃபெயில் போட்டவன் நான்தானே) போன வாரம் பஸ்ஸில் வந்து இறங்கி, படியேறும்போதே "பிரேக் இன்ஸ்பெக்டர் ஐயா இருக்காரா?" என்று கேட்டார்.

உன் அறை ஜன்னல் கொக்கியை மாற்றிவிட்டேன். சைக்கிளுக்குக் காற்றடித்து வைத்திருக்கிறேன். குதிகால் எப்படி இருக்கிறது? அந்த நெட்டைப் பெண்ணை நான் விசாரித்ததாகச் சொல். மூட்டை சுமக்கிற சிநேகிதி லேசில் கிடைக்கமாட்டாள்.

அப்பா

ஜூன் 22, ஞாயிறு

அப்பா,

ஒரு சிக்கல். இங்கே ஒரு வழக்கம். குழுவில் ஒவ்வொருவரும் தன்னையும் சேர்த்து எட்டுப் பேரையும் தகுதிப்படி வரிசைப்படுத்தி எழுதிக் கொடுக்க வேண்டும். எட்டாவது ஆளைப் பற்றி எழுதிய காரணம் பலமாக இருந்தால் வீட்டுக்கு அனுப்பவும் செய்வார்கள். நான் பெருந்தன்மையாக என் பெயரையே எட்டாவதாக எழுதினேன். பார்த்தால் எட்டுப் பேரும் அதையே செய்திருக்கிறோம்!

பயிற்சி அதிகாரி எங்களை வெயிலில் நிறுத்தினார். "எட்டுப் பேருமே கடைசியா? அப்ப முதல்ல யாரு, நானா?" சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்றோம். "மனசு நோகக் கூடாதுன்னு பழுதான விமானத்தையும் நல்லா இருக்குன்னு எழுதிக் கொடுப்பீங்களா?" என்றார். அதோடு சிரிப்பு போய்விட்டது. வெள்ளிக்கிழமைக்குள் மறுபடி எழுத வேண்டும், காரணமும் கையெழுத்தும் போட்டு. எட்டாவது ஆளிடம் முகத்துக்கு நேரே சொல்லவும் வேண்டும்.

என் கணக்கில் எட்டாவது நெட்டைதான். விமானம் கிளம்புமுன் ஒருத்தி சரிபார்க்க வேண்டிய பாகங்களின் பட்டியலை வாசிப்பாள். மற்றவள் ஒவ்வொன்றையும் கண்ணால் பார்த்து, கையால் தொட்டுவிட்டுப் பதில் சொல்ல வேண்டும். நெட்டை தொடுவதே இல்லை. நான் வாசித்து முடிக்குமுன் "பார்த்தாச்சு, பார்த்தாச்சு" என்பாள். அவளுக்கு ஜோடி நான் என்பதால் எனக்கு மட்டும்தான் தெரியும்.

சொன்னால் அவள் கனவு போய்விடும். அவளும் போய்விடுவாள். என்ன செய்யட்டும்? உடனே எழுதுங்கள்.

மகள்

ஜூன் 29, ஞாயிறு

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் பதில் வருவதற்குள் வெள்ளி வந்துவிட்டது. எழுதிவிட்டேன். சொல்லியும் விட்டேன். "என் மூட்டையத் தூக்கினவ நீ. ஆனா நீ தொட்டுப் பார்க்கறதில்ல. உன்கூடப் பறக்க எனக்குப் பயமா இருக்கு." அவள் "சரி" என்றாள். அவ்வளவுதான். அன்று மதியம் தட்டை எடுத்துக்கொண்டு வேறு மேசைக்குப் போய்விட்டாள். பிறகு எல்லார் தாளையும் வாசித்துக் காட்டினார்கள். அவள் என்னை முதலாவதாக எழுதியிருந்தாள்.

அவளை அனுப்பவில்லை. இரண்டு வாரம் கெடு, தினமும் சோதனை. இன்று காலை நான் பட்டியலை வாசித்தேன். ஒவ்வொன்றையும் தொட்டதோடு நிற்காமல் டொக்கென்று ஒரு தட்டும் தட்டினாள். கடைசியில் திரும்பி, "தொட்டாச்சு. போதுமாடி தாயே?" என்றாள். இரண்டு நாளில் அவள் என்னிடம் பேசிய முதல் வார்த்தை. அழுதுவிட்டேன்.

வெள்ளிக்கிழமை எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை, அப்பா. அப்போதுதான் உங்கள் ஞாபகம் வந்தது. ஒன்று கேட்கிறேன். சரிவில் என்னை ஃபெயில் போட்ட அன்று நீங்கள் மதியம் சாப்பிட்டீர்களா?

மகள்

ஜூலை 4

கண்ணு,

உன் கடிதம் இரண்டும் இன்றுதான் ஒன்றாக வந்தன. அதுவும் நல்லதுதான். முன்பே வந்திருந்தால் ஏதாவது அறிவுரை சொல்லிக் கெடுத்திருப்பேன்.

சாப்பிடவில்லை. டிபன் பெட்டி திறக்காமலே வீட்டுக்கு வந்தது. வயிறு சரியில்லையா என்று அம்மா கேட்டாள். ஆமாம் என்றேன். ஒரு மாத்திரை கொடுத்தாள். அதையும் விழுங்கினேன்.

அன்று உன் வண்டிக்குப் பின்னால் யாரும் இல்லை. எல்லா நாளும் அப்படி இருக்காது, இல்லையா?

இத்தனை நாள் அலுவலகத்தில் டெஸ்ட் எடுக்க நான் ஒருவன்தான். இப்போது புதிதாக ஓர் அம்மாள் சேர்ந்திருக்கிறார். இளகிய மனசு. நீ வந்ததும் அவரிடமே போ. உனக்கும் நல்லது, எனக்கும் நல்லது.

அப்பா

ஜூலை 13, ஞாயிறு

என் அன்பு அப்பாவுக்கு,

தேறிவிட்டேன். நெட்டையும் தேறிவிட்டாள். சனிக்கிழமை அவளையும் அழைத்துக்கொண்டு வருகிறேன். என் கட்டில் அவளுக்கு. கால் வைக்க ஒரு நாற்காலி போட்டுவையுங்கள்.

அந்த அம்மாளிடம் போகமாட்டேன். டெஸ்ட் உங்களிடம்தான். வண்டி உருண்டால் யோசிக்காமல் ஃபெயில் போடுங்கள். ஆனால் அன்று மதியம் என் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். மாத்திரை டப்பாவை ஒளித்துவைக்கும்படி அம்மாவுக்குத் தனியாக எழுதியிருக்கிறேன்.

இந்த முறை முத்தம் உங்களுக்கும்.

மகள்