இருக்கையில் படுத்தவன்

ஜூன் 3, செவ்வாய்

வேலை விட்டு வந்ததும், நான் கட்டிவருகிற, மல்லாந்து படுத்து ஓட்டும் சைக்கிளின் இருக்கையை இன்னும் சாய்த்தேன். முதுகு இப்போது ஏறக்குறையப் படுக்கை. தலைக்குப் பின்னால் ஒரு துண்டு ஸ்பாஞ்ச். அது இல்லையென்றால் மேடுபள்ளத்தில் கண் அதிர்ந்து, சாலை இரண்டாகத் தெரிகிறது. வெல்டிங் நானே வைத்தது. அக்கா டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "என்னடா இது, கரையான் புத்து மாதிரி?" என்றாள். பிடித்துக்கொள்கிறதா இல்லையா? அழகுப் போட்டிக்கா போகிறேன்?

அத்தான் வாசலில் தன் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தார். கடையில் வாங்கியது. முதுகை வளைத்து, மூக்கு ஹேண்டில்பாரில் இடிக்கிற மாதிரி குனிந்து ஓட்டுகிற வகை. சைக்கிள் சங்கத்தின் நேரப் போட்டியில் — ஒவ்வொருவராகக் கிளம்பி, கடிகாரத்தோடு மோதுவது — மூன்று வருஷமாக அவர்தான் முதல். என் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்.

"மாப்ளே, இப்படிப் படுத்துப் போறவனை நாலு பேரு தூக்கிட்டுப் போவாங்க. நீ தனியாவே போறேங்கிற. நாலு பேருக்கு வேலை மிச்சம்."

அக்கா சிரித்த சிரிப்பு எதிர்வீட்டுக்குக் கேட்டிருக்கும்.

"நீங்க ஒரு தடவை படுத்துப் பாருங்க அத்தான், அப்புறம் பேசுங்க."

"எனக்கு வீட்ல கட்டில் இருக்கு."

அவர் நெட்டை. முன்சக்கரத்தைத் தாண்டி நீள்கிற, பெடல் மாட்டியிருக்கிற முன்குழாயில் இரண்டு போல்ட்டைத் தளர்த்தி, மூன்று விரற்கடை வெளியே இழுத்தால் அவர் காலுக்குச் சரியாக இருக்கும். ஐந்து நிமிஷ வேலை. மனுஷன் படுத்தால்தானே!

ஜூன் 7, சனி

மேம்பாலச் சரிவில் உருட்டிப் பார்த்தேன். மிதிக்கவே கூடாது. உச்சியிலிருந்து விட்டால் வண்டி தானாக எங்கே போய் நிற்கிறதோ அங்கே சாக்பீஸ் கோடு. பழைய சாய்வில் பஸ் நிறுத்தம் வரை. புதிய சாய்வில் மருந்துக்கடை வாசல். பிளாஸ்டிக் தட்டியை மடித்து, முதுகுக்குப் பின்னால் வால் மாதிரி கூம்பு வைத்து உருட்டினேன் — மருந்துக்கடையையும் தாண்டிக் குப்பைத்தொட்டி! காற்றுக்கு முகதாட்சணியம் கிடையாது. எவ்வளவு தடுக்க முடியுமோ அவ்வளவுதான் தடுக்கும். மனுஷன்தான் கூடுதலாகத் தடுப்பான்.

ஜூன் 8, ஞாயிறு

தடுத்துவிட்டார்கள்.

சங்கச் செயலாளர் பல் டாக்டர். இந்த மாதப் போட்டிக்குப் பெயர் கொடுக்கப் போனேன். விதிப் புத்தகத்தைத் திருப்பி என் பக்கம் தள்ளினார். "ஓட்டுபவர் இருக்கையில் அமர்ந்து ஓட்ட வேண்டும்." அமர்ந்து என்ற சொல்லின் மேல் விரலை வைத்துக்கொண்டே, "நீ படுத்துல்ல தம்பி ஓட்டுறே?" என்றார்.

"டாக்டர், உங்க கிளினிக்ல நாற்காலியச் சாய்ச்சு வச்சுக்கிட்டு என்ன சொல்றீங்க? 'வாங்க, படுங்க'ன்னா?"

"'உக்காருங்க'ன்னு சொல்வேன்."

"நானும் அப்படித்தான் உக்காந்திருக்கேன்."

யாரோ இருமினார்கள். அத்தான்தான். சிரிப்பை அடக்கத் தெரியாத மனுஷன். டாக்டருக்கு முகம் சிவந்துவிட்டது. கொஞ்ச நேரம் பேனாவை மூடித் திறந்தார்.

"சரி, ஓட்டு. எல்லாருக்கும் கடைசியாக் கிளம்பு. உன் நேரத்தை எடுப்போம். ஆனா பட்டியல்ல எழுத மாட்டோம்."

எழுதாவிட்டால் என்ன? கடிகாரம் கடிகாரம்தானே. அத்தானின் நேரத்தை விட ஒரு விநாடி குறைந்தால் போதும். எழுதாத நேரத்தைத்தான் ஊரே பேசும்.

வீட்டில் அக்கா: "உனக்கு வாய் மட்டும் இல்லேன்னா நாய் தூக்கிட்டுப் போயிரும்."

ஜூன் 12, வியாழன்

முன்சக்கரத்தை, அதைப் பிடித்திருக்கிற ஃபோர்க்கோடு கழற்றி, பெரியதாக மாற்றினேன். சின்னச் சக்கரம் ஒவ்வொரு குழியிலும் விழுந்து எழுந்தது. பெரியது தாண்டிப் போகிறது. நீளமான நேர்ச்சாலையில் பறந்தேன். வேறு என்ன வேண்டும்?

ஜூன் 15, ஞாயிறு

மழை. தட்டி தாங்கியது. எனக்குத்தான் தும்மல்.

ஜூன் 21, சனி

நாளைக்குப் போட்டி. சட்டை காற்றில் படபடக்கிறது என்று அக்காவைத் தையல் மிஷினில் உட்கார வைத்தேன். இரண்டு பக்கமும் பிடித்தாள். "இன்னும்" என்றேன். இன்னும் பிடித்தாள்.

"டேய், மூச்சு விட இடம் வேணாமா?"

"வேணாம்."

"நீ ஜெயிச்சா எனக்கு யார் பக்கம் கைதட்டுறதுன்னே தெரியாது. பேசாம ரெண்டு பேரும் பஞ்சர் ஆகிடுங்க."

ஜூன் 22, ஞாயிறு

எழுதவே பிடிக்கவில்லை. எழுதுகிறேன்.

அத்தான் கடைசிக்கு முந்தி. அவருக்கு ஒரு நிமிஷம் கழித்து நான். கிளம்பியதும் டாக்டர் முகம், கூட்டம், கிண்டல் எல்லாம் போய்விட்டன. என் இரண்டு முட்டி, நடுவில் சாலை, மேலே வானம், அவ்வளவுதான். எதிர்க்காற்று அடித்தது. அடிக்கட்டும், என்னை எங்கே தேடும்? அத்தான் முதுகு தூரத்தில் ஒரு புள்ளி. அந்தப் புள்ளி பெரிதாகிக்கொண்டே வந்தது. திரும்பும் இடத்தில் அடையாளமாக வைத்திருந்த பிளாஸ்டிக் கோனைச் சுற்றிவிட்டு எதிரே வந்தார். என்னைப் பார்த்தார். நான் இவ்வளவு பக்கத்தில் இருப்பேன் என்று நினைத்திருக்கவில்லை. முகத்தில் அப்பட்டமாகத் தெரிந்தது. ஒரு கணம் மிதிக்கக்கூட மறந்தார்.

அடுத்தது கோன்.

ஹேண்டிலை ஒடித்தேன். பெரிய சக்கரம் திரும்பி வந்து இடது குதிகாலில் முட்டியது. டயரும் ஷூவும் ஒட்டிக்கொண்டு வண்டி நின்றேவிட்டது. ஒரு காலை ஊன்றி, பின்னால் தள்ளி, மறுபடி திருப்பி, மறுபடி முட்டி — கோன் பக்கத்தில் கொடி பிடித்து நின்றவர், "உதவி பண்ணட்டா?" என்றார். அந்தக் குரலில் இருந்த பரிவுதான் தாங்கவில்லை.

எத்தனை சாயங்காலம் ஓட்டினேன்! எல்லாம் நேர்ச்சாலை. கோன் இருப்பது எனக்குத் தெரியாதா? தெரியும். திரும்புவது ஒரு விஷயமா என்று நினைத்தேன். மெக்கானிக்கல் டிப்ளமோ படித்தவன் வேறு!

முடிவு: என் நேரம் அத்தானுடையதை விடப் பத்து விநாடிகூட அதிகமில்லை. கோனில் நின்றது அதைப் போல எத்தனை மடங்கு! டாக்டர் பேனாவை மூடி, எல்லாரும் பார்க்கிற மாதிரி தூக்கிக் காட்டினார்.

"எழுதல."

"எழுத வேணாம் டாக்டர். சத்தமாச் சொல்லுங்க, போதும்."

சொன்னார். யாரும் கிண்டல் பண்ணவில்லை.

வீட்டில் அத்தான் என் ஷூவைக் கையில் எடுத்துப் பார்த்தார். குதிகாலில் ரப்பர் தேய்ந்து வழவழ என்றிருந்தது.

"விழுந்தியா?"

"விழல. நின்னேன்."

"எவ்வளவு நேரம்?"

நான் குனிந்து டயரைத் தடவிப் பார்த்தேன். அவர் ஷூவை ஜோடியாக, ஒழுங்காக வைத்துவிட்டுப் போனார்.

ஜூன் 23, திங்கள்

பழைய சக்கரத்துக்குப் போக மாட்டேன். மாட்டேன் என்றால் மாட்டேன்.

ஜூலை 1, செவ்வாய்

சக்கரம் அப்படியே இருக்கட்டும், கால் சுற்றுகிற வட்டத்தைச் சின்னதாக்கு! சிறுவர் சைக்கிளின் கிராங்க், அதாவது பெடலைத் தாங்குகிற கை, வாங்கி மாட்டினேன். குட்டைக் கிராங்க், குதிகால் சக்கரத்துக்கு வராது. முன்குழாயை மட்டும் ஒரு விரற்கடை வெளியே இழுத்து, என் காலுக்குச் சரிசெய்தேன். தெருவில் தண்ணீர்க் குடத்தை வைத்துச் சுற்றிச் சுற்றி வந்தேன். முட்டவில்லை. அக்கா மாடியிலிருந்து கத்தினாள்: "குடத்தை உடைச்சே, உன்னை உடைப்பேன்!"

ஜூலை 5, சனி

காலையில் மேம்பாலத்துக்குக் கிளம்பினேன். படுத்து, காலை நீட்டினால் — பெடல் எட்டவில்லை.

முதலில் என் கணக்கில்தான் கோளாறு என்று நினைத்தேன். நேற்றுச் சாயங்காலம் சரியாக இருந்ததே? இறங்கிப் பார்த்தேன். முன்குழாயில் பெயின்ட் படாத வெள்ளை உலோகம், என் அளவைத் தாண்டி மூன்று விரற்கடை நீளத்துக்கு வெளியே பளபளத்தது. இரண்டு போல்ட்டும் நான் முடுக்குவதை விட ஒழுங்காக முடுக்கப்பட்டிருந்தன. வாலில் புதுச் சேறு.

அத்தான் வாசலில் தன் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை. ஏற்கனவே சுத்தமாக இருந்த இடத்தையே துடைத்தார்.

ரெஞ்ச் எடுத்து வந்து இரண்டு போல்ட்டையும் தளர்த்தினேன். குழாயை உள்ளே தள்ளுவதற்கு முன் மார்க்கர் எடுத்து, வெளியே நின்ற அந்த அளவில் ஒரு கோடு போட்டேன். தள்ளி, என் அளவில் இன்னொரு கோடு.

எது யாருடையது என்று எழுதவில்லை.