சிவப்பு எரிந்தால் ஓடாது

அக். 7, திங்கள்

காலையிலிருந்து தூறல். ஷூ காயவில்லை. அபார்ட்மென்ட் செக்ரட்டரி கேட்ட ஒரு பக்கக் குறிப்பை இன்றே முடித்தாக வேண்டும்: டவர் பார்க்கிங்கால் குடியிருப்போருக்கு என்ன லாபம். வரும் திங்கள் ஒப்படைப்பு. அவர் கையெழுத்துப் போட்டால் இந்த அல்சூர் சந்திலிருந்து எனக்கு விடுதலை. மெஷினைப் பொருத்த வந்து ஐந்து மாதம். போதும்.

எழுதிக் கொடுத்தது:

- நாலு கார் நிற்கும் தரையில் இருபத்திரண்டு கார். மேலே மேலே.
- பேஸ்மென்ட் தோண்டவில்லை. இந்த ஏரியா முழுக்கப் பாறை. உடைக்கிற செலவு மிச்சம். பக்கத்து வீட்டுச் சுவரும் தப்பியது.
- வாசலில் இருக்கும் இரண்டு புங்க மரமும் பிழைத்தன. கார் இறங்கச் சரிவு போட்டிருந்தால் இரண்டும் காலி.
- வாசலிலேயே இன்ஜின் அணைந்துவிடும். இடம் தேடி நாலு தெரு சுற்றுகிற பெட்ரோலும் புகையும் இல்லை.
- கார் இருக்கும் இடத்துக்கு மனிதர் போவதில்லை. ராப்பகலாக விளக்கும் புகை உறிஞ்சும் ஃபேனும் வேண்டாம். கரன்ட் பில் குறையும்.
- மழை. பக்கத்து காம்ப்ளக்ஸ் பேஸ்மென்ட்டில் நேற்று ஆறு கார் முழுகிப் போச்சு. டீசல் பம்ப் இன்னும் கத்துகிறது.

ஏழாவதாக ஒன்று எழுதினேன். அடிதடி குறையும். வாட்ச்மேன் செல்வம் அண்ணா சொல்லச் சொல்லப் பட்டியல் போட்டேன். மூன்றாம் மாடிக்காரர் காது, ஹாக்கி ஸ்டிக், ஐந்து தையல். ஒருவர் பானட்டில் ஆசிட். இடம் பிடிக்க வைத்த சிமென்ட் ஊற்றிய பெயின்ட் டப்பா, வைத்தவர் வீட்டு ஜன்னலை உடைத்துக்கொண்டு உள்ளே. 302ஆம் வீட்டு பிரவீன், வீல் ஸ்பேனரால் செல்வம் அண்ணாவின் தோளில். அவன் இடத்தில் வேறு வண்டியை நிறுத்த விட்டாராம்.

செக்ரட்டரி ஏழாவதை மட்டும் அடித்துவிட்டார். வாடகைக்கு வருகிறவர்கள் படித்தால் பயந்துவிடுவார்கள் என்று கன்னடத்தில் சொன்னார். உண்மையில் குடியிருப்போர் எல்லாரும் சேர்ந்து காசு போட்டது அந்த ஏழாவதுக்குத்தான்.

செல்வம் அண்ணா இங்கே பதினாறு வருஷம். அவர் வீடும் ஜோகுபாளையம்தான், எங்கள் வீட்டுக்கு அடுத்த தெரு. இனி மெஷின் ஆபரேட்டர். நாளை முதல் நான்தான் ட்ரெயினிங்.

அக். 8, செவ்வாய்

வெயில், மதியம் மழை. இட்லி ஆறிப்போய்த் தின்றேன்.

அண்ணாவுக்கு முதல் பாடம். காரை இரும்புத் தட்டின் மேல் ஏற்றி நிறுத்துவார்கள். வெளியே வந்து பெட்டியில் கார்டைக் காட்டிப் பச்சைப் பட்டனை அமுக்கினால் தட்டு சுழன்று காரைத் திருப்பும், பிறகு மேலே போகும். வாசல் அறையில் நாலு 'கண்'. காரில் ஏதாவது நீட்டிக்கொண்டிருந்தாலோ ஆள் நின்றாலோ பார்த்துவிடும், சிவப்பு விளக்கு எரியும். அப்போது தட்டு அசையாது.

அவர் நம்பவில்லை. துடைப்பத்தை நீட்டிப் பார்த்தார். சிவப்பு. பட்டனை அமுக்கினேன், அசையவில்லை. பிறகு தானே போய்த் தட்டின் நடுவில் நின்றார்.

"அமுக்கட்டுமாண்ணா?"

"இரு தம்பி, வீட்டுக்கு ஒரு போன் போட்டுச் சொல்லிட்டு வரேன்."

அமுக்கினேன். கண்ணை இறுக மூடிக்கொண்டு நின்றார். ஒன்றும் ஆகவில்லை. ஒரு கண்ணைத் திறந்து பார்த்துச் சிரித்தார். நான் சொன்னேன்: "எமனே வந்து பட்டனை அமுக்கினாலும், சிவப்பு எரிஞ்சா ஓடாதுண்ணா."

சாயங்காலம் வரை தண்ணி கேன்காரன், இஸ்திரிக்காரர், எல்லாரிடமும் அதையே சொல்லிக்கொண்டிருந்தார். ஸ்கெட்ச் பேனாவால் பெட்டிக்கு மேல் எழுதியும் ஒட்டிவிட்டார்: சிவப்பு எரிந்தால் ஓடாது.

பாக்கி வேலைப் பட்டியலில் எண் 31 சேர்த்தேன். பைபாஸ் சாவி போட்டால் கண்கள் சொல்வதை மெஷின் கேட்காது, ஓடும். ஆனால் விளக்கு தன்பாட்டுக்குச் சிவப்பாகவே எரிகிறது. ஒயரை மாற்றி மஞ்சள் ஆக்க வேண்டும். சாவி என் கொத்தில்தான் இருக்கிறது, அவசரமில்லை. அண்ணாவிடம் சொல்லவில்லை. குழம்பிவிடுவார்.

அக். 9, புதன்

பிரவீனின் புது வண்டி. கூரைமேல் சாமான் கேரியர். உயரம் மிஞ்சிச் சிவப்பு. கேரியரைக் கழற்றச் சொன்னார் அண்ணா. பிரவீன் இறங்கி வந்து பெட்டியை ஒரு உதை விட்டான், அடுத்து அண்ணாவின் சட்டையைப் பிடித்துச் சுவரோடு வைத்து அழுத்தினான். அண்ணா கையைத் தூக்கவே இல்லை. பழக்கம் போல. சட்டைப் பட்டன் ஒன்று தெறித்து என் காலடியில் விழுந்தது.

நான் போய் விலக்கினேன். என் கையில் டார்ச். அதால் அவன் பல்லைப் பெயர்க்க வேண்டும் என்று நிஜமாகவே தோன்றியது. செக்ரட்டரி வந்து பிரவீனைத் தட்டிக்கொடுத்து அழைத்துப் போனார். பண்டிகை நேரமாம்.

அண்ணா பட்டனைப் பொறுக்கிக்கொண்டே சொன்னார், "விடு தம்பி. போன தடவை ஸ்பேனர், இந்தத் தடவை வெறும் கை. முன்னேற்றம்தான்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. படுக்கும்வரை அவன் கழுத்துதான் கண்முன்.

அக். 10, வியாழன்

நாளை ஆயுத பூஜை. எல்லா வண்டியிலும் வாழைக்கன்று கட்டுவான்கள், மாலை போடுவான்கள், எல்லாம் மெஷின் கண்ணில் படும். மூன்று மொழியில் நோட்டீஸ் ஒட்டினேன்: வாழையை அவிழ்த்துவிட்டு உள்ளே வரவும், பூசணிக்காயை ரோட்டில் உடைக்கவும்.

எங்கள் கம்பெனி மேனேஜர் போன். பூஜை அன்று ஒரு புகார்கூட வரக்கூடாது, வந்தால் திங்கள் கையெழுத்து இல்லை, நீ இன்னொரு மாதம் அங்கேயே கிட என்றார்.

அம்மாவுக்குப் பொரி, கடலை, எலுமிச்சம்பழம் வாங்கிக் கொடுத்தேன். என் ஸ்பேனர் செட்டையும் மல்ட்டிமீட்டரையும் சாமி முன்னால் வைத்துப் பொட்டு வைத்தாள். "சாவிக்கொத்தையும் வைடா தினேஷு." வைத்தேன். பைபாஸ் சாவியில் குங்குமம்.

அக். 11, வெள்ளி

வரிசையாக எழுதுகிறேன்.

எட்டரைக்குப் பூஜை முடித்துத் திரும்பிய முதல் கார், முன்னால் இரண்டு வாழை. சிவப்பு. கட்டிய கன்றைப் பூஜை அன்றே அவிழ்ப்பதா என்று வீட்டம்மா. நானே பிளேடால் அறுத்தேன், சாபம் விட்டாள். மூன்றாவது காரும் அப்படியே. யாரோ வாசல்படியில் பூசணி உடைத்துக் குங்குமத் தண்ணீர் ஒரு மெஷின் கண்ணின் கண்ணாடியில் தெறித்தது. துடைத்தேன். திரும்பவும் சிவப்பு. மெயின் ரோடு வரை கார், எல்லாம் இன்ஜின் ஓட, எல்லாம் ஹாரன். புகை மிச்சம் என்று எழுதிக் கொடுத்தவன் நான். மேனேஜர் இரண்டு தடவை போன்.

9.40. சாவியைப் போட்டேன். ஐந்து கார் மடமடவென்று ஏறிப்போச்சு. சாவியைப் பெட்டியிலேயே விட்டுவிட்டேன்.

அடுத்து பிரவீன். காரைத் தட்டில் நிறுத்திவிட்டு வெளியே வந்து கார்டைக் காட்டினான். பட்டனை அமுக்காமல், பூசணியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்க் காருக்குப் பின்னால் தட்டின் மேலேயே ஓங்கி உடைத்தான். சதை, விதை, சிவப்புத் தண்ணீர். வெளியே வந்தான். யாராவது வழுக்கி விழுவார்கள் என்று அண்ணா துடைப்பத்தை எடுத்தார். விளக்கை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தார். சிவப்பு. உள்ளே போனார்.

அவர் போனதை நான் பார்த்தேன். சாவி நினைவுக்கு வரவில்லை. பிரவீன் மூஞ்சியைத் தவிர எதுவும் நினைவில் இல்லை.

"நோட்டீஸ் கண்ணுக்குத் தெரியலையா?" என்றேன்.

"லேய், லிஃப்ட் மெக்கானிக், யார்கிட்டப் பேசறே?" நெஞ்சில் ஒரு தட்டு தட்டினான்.

முதலில் குத்தியது நான்தான். வாயில். அவன் பல் என் விரல் முட்டியில் இறங்கியது. சுகமாக இருந்தது, அதையும் எழுதிவிடுகிறேன். இரண்டு கையாலும் தள்ளினேன். பெட்டியில் போய் மோதினான். அவன் முழங்கை பச்சைப் பட்டனில்.

தட்டு சுழன்றது.

வாழைத்தண்டை மிதித்தால் வருகிற சத்தம். அப்புறம்தான் அண்ணாவின் குரல். ஸ்டாப் பட்டனை அடித்தேன். வலது கால் தட்டுக்கும் தூணுக்கும் நடுவில். கரன்டில் பின்னால் திருப்பப் பயம், கைப்பிடி போட்டுச் சுற்றினேன். ஒவ்வொரு சுற்றுக்கும் கத்தினார். பாதியில் கத்துவதை நிறுத்திவிட்டார். பூசணி எது, கால் எது என்று தெரியவில்லை.

ஆம்புலன்ஸ் வருமுன் சாவியை எடுத்து பாக்கெட்டில் போட்டுக்கொண்டேன். யாரும் பார்க்கவில்லை.

அக். 12, சனி

பாதத்தில் முன்பாதியை எடுத்துவிட்டார்கள்.

மேலே பதினேழு கார் மாட்டிக்கொண்டிருக்கின்றன. மெயினை அணைத்தாயிற்று. குடியிருப்போர் தங்கள் கார் எப்போது இறங்கும் என்றுதான் கேட்கிறார்கள். சிமென்ட் டப்பாக்கள் தெருவுக்குத் திரும்பிவிட்டன.

கேமராவில் நான் விழவில்லை. பிரவீனின் முழங்கை, பட்டன், அவ்வளவுதான். அண்ணாவின் மச்சான் தயாளன் அதை போனில் திரும்பத் திரும்ப ஓட்டினான். கூடப் பையன்கள் மூன்று பேர்.

"இவன்தானே அமுக்கினான்? நீ கிட்டயே இருந்தியே."

தலையாட்டினேன்.

பதினோரு மணிக்கு ஆஸ்பத்திரிக்கு வெளியே பிரவீன் கண்ணில் பட்டான். உதடு வீங்கி, கையில் ஆரஞ்சுப் பை. யாருக்கு என்று அப்போது யோசிக்கவில்லை. தயாளன் ஹெல்மெட்டைக் கழற்றி அதாலேயே முகத்தில் அடித்தான். விழுந்தவனைப் பக்கத்துச் சந்துக்கு இழுத்துப் போனார்கள். அமுக்கின கை எது என்று கேட்டு, அதை நடைபாதைக் கல்லின் விளிம்பில் வைத்து தயாளன் மிதித்தான். இரண்டாவது மிதியில் உடைந்தது.

பிரவீன் ஒன்றையேதான் சொல்லிக்கொண்டிருந்தான்: "நான் அமுக்கலை, இவன்தான் தள்ளினான்."

தயாளன் என்னைப் பார்த்தான். "எப்படிப் புளுகறான் பாரு."

பிரவீனின் விலாவில் ஒரு உதை விட்டேன். வாயை மூட வைக்கத்தான். ஆரஞ்சுகள் சாக்கடை வரை உருண்டு போயிருந்தன.

அக். 13, ஞாயிறு

அம்மா கைக்கட்டைப் பார்த்து மெஷினில் பட்டதா என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

மேனேஜர் ரிப்போர்ட் கேட்கிறார். ஆபரேட்டர் விதியை மீறி உள்ளே போனார் என்று மட்டும் எழுது, வேறு எதுவும் வேண்டாம் என்றார். அப்படி எழுதினால் அண்ணாவுக்கு நஷ்ட ஈடு கிடையாது, வேலையும் கிடையாது. எழுதாவிட்டால் எனக்கு வேலை கிடையாது, கேஸும் வரும். பெட்டிக்குள் பதிவு இருக்கிறது, பைபாஸ் எத்தனை மணிக்குப் போட்டது, எப்போது எடுத்தது எல்லாம். அதை அழிக்கத் தெரிந்த ஒரே ஆள் நான். அதையும் மேனேஜர் ஜாடையாகச் சொன்னார்.

நாலு மணிக்கு ஆஸ்பத்திரி. அண்ணா விழித்திருந்தார். கோபமே இல்லை. அதுதான் தாங்கவில்லை. செக்ரட்டரி வந்து போனாராம், பார்க்காமல் உள்ளே போய்விட்டாயே செல்வம் என்றாராம். காலையில் இவர் குடித்திருந்தாரா என்று டாக்டர் அண்ணியிடம் கேட்டாராம்.

"நான் பார்த்துட்டுதான் தம்பி போனேன். சிவப்பு எரிஞ்சுது. இல்ல, எரியலையா? எல்லாரும் சொல்றதைக் கேட்டா எனக்கே சந்தேகமா இருக்கு. நீ அங்கதானே இருந்தே."

"எரிஞ்சுதுண்ணா."

"அப்ப எப்படி ஓடுச்சு?"

அண்ணி தலையணையைச் சரி செய்வதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். மாத்திரை வாங்கி வருகிறேன் என்று வெளியே வந்தேன். திரும்பப் போகவில்லை.

அக். 14, திங்கள்

மழை விட்டிருக்கிறது. ஒப்படைப்பு நாள்.

ஏழு மணிக்கு சைட். பெட்டி, பதிவு, ஒயரிங், எல்லாவற்றையும் முதலில் படம் எடுத்தேன். பிறகு ரிப்போர்ட், நாலு வரி: 9.40க்கு பைபாஸ் போட்டது நான். எடுக்காமல் விட்டது நான். சிவப்பு எரிந்தது, ஆபரேட்டர் நான் கற்றுக்கொடுத்தபடிதான் உள்ளே போனார். பிரவீனைப் பட்டன்மேல் தள்ளியது நான். பதிவையும் சேர்த்து மேனேஜர், செக்ரட்டரி, போலீஸ் ஸ்டேஷன், மூன்று இடத்துக்கும் அனுப்பிவிட்டேன். மேனேஜர் போன் அடித்துக்கொண்டே இருக்கிறது. எடுக்கவில்லை.

அண்ணியின் போனுக்குப் போட்டு அண்ணாவிடம் சொன்னேன். முழுக்கக் கேட்டார். "அப்ப நான் சரியாத்தான் பார்த்திருக்கேன்" என்றார். போனை வைத்துவிட்டார்.

பிறகு தயாளன். அவனுக்கும் அதே நாலு வரி.

"அப்ப நாங்க அவன் கையை ஒடைச்சது?"

"சும்மாதான்."

"எங்கே இருக்கே?"

"சைட்ல."

"அங்கேயே இரு."

காத்திருக்கும் நேரத்தில் பாக்கி வேலை எண் 31. தட்டை ஓட்டும் மெயின் அணைந்தேதான் இருக்கிறது, பெட்டிக்கு மட்டும் கரன்ட் எடுத்தேன். ஒயர் இரண்டு, டெர்மினல் ஒன்று. மொத்தம் இருபது நிமிஷ வேலை. சாவியைப் போட்டுத் துடைப்பத்தை நீட்டினேன். மஞ்சள். எடுத்துவிட்டு நீட்டினேன். சிவப்பு. தட்டின் ஓரத்தில் பூசணி விதை இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது, சுரண்டினாலும் வரவில்லை.

அண்ணா ஒட்டிய காகிதத்தைக் கிழிக்கவில்லை. கீழே 'சாவி இல்லாவிட்டால்' என்று சேர்த்தேன்.

வாசலில் பைக். மூன்று. தயாளன் ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டான். கையிலேயே வைத்திருக்கிறான்.