சடங்குக்குப் பூட்டிய இறால் கொட்டில்

அன்பு மகள் நிருஷாவுக்கு,

நானும் தம்பியும் கோவில் அம்மாளின் காவலில் சுகமாக இருக்கிறோம், நீயும் அந்த வெக்கையில் உடம்புக்கு ஒன்றும் வராமல் இருக்கவேண்டும் என்று கும்பிடுகிறேன். அம்மா ஏன் கடிதம் எழுதுகிறாள் என்று பயப்படாதே. போனில் சொன்னால் நீ அழுவாய், நானும் அழுவேன், பக்கத்தில் சக்கரக் கதிரையில் இருக்கிற தம்பி நிதுர்ஷன் எல்லாவற்றையும் கேட்பான். அதனால்தான் லீவு முடிந்து கட்டாருக்குத் திரும்புகிற ஜெயரூபனிடம் இதையும் நீ கேட்ட மிளகாய்த்தூளையும் கொடுத்து விடுகிறேன். தூள் நல்ல உறைப்பு, பார்த்துப் போடு.

வாவிக்கரை இறால் கொட்டிலை மூடிவிட்டார்கள் மகள். நடக்க முடியாத, பார்வை இல்லாத பிள்ளைகளுக்கு ஒரு வேலை, அவர்களைப் பார்க்கிறவர்களுக்கும் பக்கத்திலேயே ஒரு வேலை என்று தொடங்கிய இடம். தம்பி கதிரையில் இருந்தபடியே இறால் உரிப்பான், நான் கழுவி ஐஸ் போடுவேன், இடையில் அவனை மலசலகூடத்துக்குக் கொண்டுபோவேன். முதல் சம்பளத்தில் எனக்கு ஒரு சீலை வாங்கித் தந்தானே, இந்த நிறத்தை யார் கட்டுவது என்று அவனை ஏசி ஏசியே அதைக் கட்டிக்கொண்டு திரிந்தேன். எல்லாம் வைகாசியோடு போயிற்று.

வருடச் சடங்குக்கு அம்மாள் கோவில் கதவு திறந்தால் கடைசி நாள் குளிர்த்தி முடியும்வரை ஊரில் யாரும் மீன் இறால் தொடுவதில்லை, அதை உனக்கு நான் சொல்லவேண்டியதில்லை. எங்கள் எல்லாருக்கும் அந்த நினைப்புத்தான். கொட்டிலைப் பூட்டிவிட்டுக் கோவிலுக்குப் போன பொறுப்பாளர் சுலோஜனாவில் இருந்து நான் வரைக்கும், இறால் அனுப்புகிற கொழும்புக் கம்பனிக்கு ஒரு வார்த்தை சொல்லவேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. அம்மாளின் சடங்கு தெரியாத மனிதரும் இருப்பார்கள் என்று யார் கண்டது! லொறி நிறைய இறாலோடு வந்து பூட்டிய கதவடியில் நின்றிருக்கிறார்கள், உடுக்குச் சத்தத்திலும் குரவையிலும் சுலோஜனாவுக்குப் போன் கேட்கவில்லை. ஐஸ் கரைந்து அத்தனையும் பழுதாகிவிட்டது, கம்பனி வேறு ஊரைப் பார்த்துப் போய்விட்டது. காத்தான்குடியில் இருந்து கண் தெரியாத மகன் இஷாமோடு வேலைக்கு வருகிற றபீக்கா ஓடிவந்து, உங்கட சடங்கு எண்டுதானே நாங்களும் வராம நிண்ட, ஒரு சொல்லுச் சொல்லியிருந்தா நானும் மகனும் வந்து திறந்திருப்பமே எண்டு அழுதாள்.

சுலோஜனா பாவம், இன்னும் எங்களுக்காக வேலை கேட்டு அலைகிறாள். கல்லடியில் பொதி கட்டுகிற ஒரு இடத்தில் தம்பியை எடுக்கிறோம், தாய் வரத்தேவையில்லை என்றார்களாம். நான் இல்லாமல் அவனை யார் தூக்குவது? இன்னொரு இடத்தில் என்னை எடுக்கிறோம், மகனை வீட்டில் விட்டுவிட்டு வரட்டும் என்றார்களாம். விட்டுவிட்டு வர அவன் என்ன குடையா? எங்கள் இரண்டு பேரையும் சேர்த்துப் பார்க்க அந்தக் கொட்டிலுக்கு மட்டும்தான் தெரிந்திருந்தது. இனி அப்படி ஒன்று இந்தப் பக்கம் வரும் என்று எனக்கு நம்பிக்கை இல்லை மகள். தம்பி இப்போதும் விடிந்தால் சேர்ட் போட்டுவிடச் சொல்லி, கொட்டில் வேன் வருகிற நேரத்துக்கு வாசல் படலையடியில் போய் இருக்கிறான். வேன் வராது என்று அவனுக்குத் தெரியும். வீட்டுக்குள்ள இருந்தா நான் பழையபடி படுத்துருவன் அம்மா எண்டு சொல்கிறான்.

தை மாதம் நான்தான் உனக்குச் சொன்னேன், எங்கள் இரண்டு பேருக்கும் வேலை இருக்கிறது, அடுத்தவர் வீட்டுத் தரையைத் துடைத்தது போதும், ஆவணியோடு வந்துவிடு என்று. வா என்று சொன்ன வாயாலேயே இப்போது வராதே என்கிறேன். மேடத்திடம் இன்னும் இரண்டு வருடம் நிற்கிறேன் என்று சொல்லிவிடு. உனக்கென்று வெள்ளையடித்த அறை அப்படியே இருக்கிறது, நான் கதவைச் சாத்தி வைத்திருக்கிறேன்.

நேரத்துக்குச் சாப்பிடு, முழங்காலுக்கு எண்ணெய் பூசு. அம்மாள் உனக்குத் துணை என்று எழுதும்போதே அவளோடு கோபமும் வருகிறது, பொறுத்துக்கொள்ளட்டும். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. அக்கா ஆவணியில் வந்து இறங்கக்குள்ள நானும் ஏர்போட்டுக்கு வாறன் எண்டு தம்பி ஒரு புதுச் சேர்ட்டை மடித்து வைத்திருக்கிறான். அடுத்த முறை போன் எடுக்கும்போது, உனக்கு அங்கே பிடித்துப்போயிற்று, நீயாகவே நிற்கிறாய் என்று அவனிடம் சிரித்துக்கொண்டு சொல்.

உன் அம்மா,
அன்னப்பூரணி