ஆஸ்பத்திரி லைனும் பால்மா டின்னும்

மார்ச் 14, திங்கள்

ஏழு மணிக்குக் கரண்ட் போனது. அம்பிட்டியவில் எங்கள் தெருவே இருட்டு. எங்கள் குசினியில் மட்டும் வெளிச்சம். கரண்ட் நிற்காத ஆஸ்பத்திரி லைனிலிருந்து களவாக இழுக்கிறோம் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். மின்சார சபை இன்ஸ்பெக்டர் வந்துவிட்டார். பிடிபட்டால் மீட்டரையே கழற்றிவிடுவார்கள்.

பல்ப் வயரைப் பிடித்துக்கொண்டே போனவர் விறகடுப்பில் வந்து நின்றார். அதன்மேல், பால்மா டின்னில் நான் செய்த ஸ்டெர்லிங் எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது.

"இதுவா கரண்ட் குடுக்குது? யார்கிட்ட கதை விடுறீங்க?"

"டின்னுக்குள்ள காத்து சூட்டுல விரியுது, குளிர்ல சுருங்குது, அதுல சில்லு சுத்துது, சில்லு டைனமோவச் சுத்துது. நெருப்ப எடுத்துப் பாருங்க சார், நின்னுரும்."

விறகை உருவினார். தணல் கிடந்ததால் சில்லு நிற்கவில்லை. அவர் என்னை முறைத்தார். அது நிற்காமல் ஓட எட்டு மாதம் பாடுபட்டவன், நின்று தொலை என்று மனதுக்குள் கெஞ்சினேன்.

சில்லு தளர்ந்து நின்றது. பல்ப் மங்கி அணைந்தது.

இன்ஸ்பெக்டர் தானே விறகைச் செருகி, குனிந்து ஊதினார். நெருப்புப் பிடித்தது.

"ஓடலியே?"

"விரலால ஒரு தட்டுத் தட்டணும் சார். நீங்களே தட்டுங்க."

தட்டினார். பல்ப் எரிந்தபோது முதலில் தெரிந்தது அவர் மூக்கில் இருந்த கரி. சிரித்துக்கொண்டிருந்தார்.